அஞ்செட்டி ஜீப்: வளைந்த கிராஸ் மெம்பரை நிமிர்த்திப் பார்த்தோம்

கிளட்சை விடும்போது வண்டி முழுக்கக் குலுங்குகிறது. மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம் வருகிறது. இறக்கத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. அஞ்செட்டியில் ஒரு விவசாயக் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கும் மகிந்திரா சிஜே 3பி ஜீப்பின் புகார்கள் இவை. கிளட்ச் பிளேட்டை ஏற்கெனவே மாற்றியும் குலுக்கல் போகவில்லை. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர் நடுவில் கீழே இறங்கி, வலது பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது.

சிஜே 3பி, வில்லிஸ் நிறுவனம் 1953-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாடல். 2.2 லிட்டர், 4 சிலிண்டர் ‘ஹரிகேன்’ பெட்ரோல் இன்ஜின். இதில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். அதனால் இன்ஜின் உயரம் கூடியது, பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்தே இந்த ஜீப்பை அடையாளம் காட்டும் அந்த உயரமான மூக்கு அப்படி வந்ததுதான். வீல்பேஸ் 80 அங்குலம் மட்டுமே. தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுக்குள் வளைந்து இறங்கும் பாதைக்கும், நாட்றாம்பாளையம் பக்கத்துக் கரடுமுரடான தடங்களுக்கும், தொட்டஹல்லா ஆற்றின் உருண்டைக் கற்களுக்கும் இவ்வளவு பொருத்தமான வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கற்கள்தான் இதன் அடிப்பாகத்தையும் பதம் பார்க்கின்றன.

இந்த ஜீப்பில் இன்ஜினும் கியர்பாக்ஸும் மூன்று புள்ளிகளில் உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் பிளாக்கை ஒட்டிய ஒரு தட்டையான பிளேட், அதன் இரு முனையிலும் ரப்பர் மவுண்டிங். பின்னால் கியர்பாக்ஸுக்குக் கீழே ஒரே ஒரு ரப்பர். அதைத் தாங்குவதுதான் சேஸின் இரண்டு பக்கத்திலும் போல்ட் போட்டு மாட்டிய இந்தக் குறுக்குப்பட்டை. டிரான்ஸ்ஃபர் கேஸ் வலது பக்கம் தள்ளி அமைந்திருப்பதால் பாரமும் அந்தப் பக்கம் சாய்ந்தே விழும். போர்ஷே 911-ல்கூடப் பின்பக்க இன்ஜினை இப்படி ஒரு குறுக்குப்பட்டைதான் தாங்குகிறது. அங்கே அது சாலைக் கற்களில் இடிபடுவது அபூர்வம். ஜீப்பில் வண்டியின் வயிற்றிலேயே தாழ்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

கிளட்ச் குலுங்கியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிளட்ச் பெடலின் இழுப்பைக் கொண்டுபோகும் குறுக்குக் குழாயின் ஒரு முனை சேஸில் இருக்கிறது, மறுமுனை இன்ஜின் பக்கம் இருக்கிறது. மவுண்டிங் தளர்ந்து இன்ஜின் முன்னும் பின்னும் அசைந்தால், கால் அசையாமலே கிளட்ச் பாதி பிடிக்கும், பாதி விடும். இந்த அசைவைக் கட்டுப்படுத்த, இன்ஜின் பின்புறத்திலிருந்து கிராஸ் மெம்பருக்கு ஒரு சிறிய இழுகம்பியை வில்லிஸ்காரர்கள் கொடுத்திருந்தார்கள். நாங்கள் பார்த்த வண்டியில் அதுவும் இல்லை. புது பிளேட் போட்டும் பலன் கிடைக்காததில் வியப்பில்லை.

கழற்றுவதற்கு முன் அளப்பதுதான் இந்த வேலையில் பாதி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸை ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. பிறகு சேஸின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரியான நான்கு ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். இத்தனை வயதான வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. சேஸ் நேராக இருக்கிறது, கோளாறு பட்டையில் மட்டும்தான் என்று அப்போதுதான் உறுதியாயிற்று. சேஸே சாய்சதுரமாகக் கோணியிருந்தால், பட்டையை எவ்வளவு நேராக நிமிர்த்தினாலும் திரும்ப மாட்டும்போது ஓட்டைகள் சேராது. இந்த அளவை எடுக்காமல் ஸ்பேனரைத் தொடுவது வீண் செலவு.

அஞ்செட்டிப் பட்டறைக்காரர் கீழிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: “சார், இது வெறும் பெண்டு இல்ல, ட்விஸ்ட்டும் இருக்கு. ஜாக்கி குடுத்துத் தூக்குனா நடு மட்டும் மேல வரும், முறுக்கு அப்படியே நிக்கும்.”

“சங்கிலி போட்டு வண்டியிலேயே இழுத்துடலாம்னு சிலர் சொல்றாங்களே அண்ணா?”

“இழுக்கலாம் சார். பட்டை நிமிர்றதுக்குள்ள சேஸ் உள்ள வந்துடும்.”

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. சங்கிலியையும் பாட்டில் ஜாக்கியையும் சேஸில் ஊன்றி அமுக்கினால், பட்டைக்குப் போகும் அதே விசை சேஸையும் எதிர்ப்பக்கம் தள்ளும். எது பலவீனமோ அது முதலில் வளையும். துருப்பிடித்த பழைய சேஸில் அந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து டிராலி ஜாக்கியில் தாங்கிக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றினோம். பட்டையின் முன்பக்கம் எது, இடது எது என்று முதலிலேயே பஞ்ச் அடித்துக் குறித்துவிட வேண்டும். வலதுபக்க ஓட்டைகளில் ஒன்று முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. யாரோ ஒருமுறை 10 மி.மீ. போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கிறார்கள். பழைய ஜீப்பில் இருப்பவை அங்குல அளவு நுண்மரை போல்ட்டுகள். 3/8 அங்குலம் என்பது ஏறக்குறைய 9.5 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடுகிறார்கள், ஓட்டை கெடுவது அங்கேதான் ஆரம்பம்.

பட்டையை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பூசிப் பார்த்தோம். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். கோடு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்ததோடு திருப்தியடைய மனம் வரவில்லை. பட்டையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போனோம்.

1980-களில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூரில் காலூன்றிய பிறகு, சிப்காட்டைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் பெருகின. லாரி, பைக் பாகங்களை மைக்ரான் கணக்கில் செய்து கொடுக்கும் கைகள் அவை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டும், ஹைட் கேஜும், ஹைட்ராலிக் பிரஸ்ஸும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும்போது, தெருவோரத்தில் கேஸ் டார்ச்சால் சிவக்கச் சிவக்கச் சுட்டு அடிப்பதற்கு அவசியமே இல்லை.

சர்ஃபேஸ் பிளேட்டில் பட்டையின் இரு முனைப் பாதங்களையும் உட்கார வைத்ததும் விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. பாதம் நான்கு மூலையில் மூன்றில்தான் தரை தொட்டது. வலது பின்மூலைக்கு அடியில் ஃபீலர் கேஜ் இலைகளை அடுக்கி நுழைத்தால் 3 மி.மீ. போயிற்று, அதுதான் முறுக்கு. ஹைட் கேஜில் நடுப்பகுதி, இருக்க வேண்டிய இடத்தைவிட 6 மி.மீ. கீழே. முன் மவுண்டிங்கிலிருந்து இந்த இடம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் என்பதால், இன்ஜின் சாய்ந்தது அரை டிகிரிக்கும் குறைவு. புரொப்பல்லர் ஷாஃப்டின் யு ஜாயின்டுகளுக்கு அது பெரிய தொல்லை இல்லை. ரப்பரைத் தின்றது முறுக்குதான். ஒரு ஓரம் நசுங்கி, மறு ஓரம் கிழிந்து, இரும்போடு இரும்பு இடித்ததுதான் அந்த ‘டக்’ சத்தம்.

முதலில் முறுக்கை எடுத்தோம். ஒரு முனையைக் கெட்டியாகக் கிளாம்ப் செய்து, மறுமுனையில் நீளமான கம்பியைப் போல்ட் போட்டு மாட்டி, மெல்ல அமுக்கி விடுவது, அளப்பது, மறுபடி அமுக்குவது. அதன் பிறகுதான் பிரஸ். 20 டன் எச் ஃபிரேம் பிரஸ் அது. இந்த வேலைக்கு அவ்வளவு டன் தேவையே இல்லை. இந்த அளவுப் பட்டை 2, 3 டன்னிலேயே விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிடும். அழுத்தம் காட்டும் முள் அந்தப் பெரிய பிரஸ்ஸில் கொஞ்சம்தான் அசையும், அதை நம்பி வேலை செய்ய முடியாது. பட்டைக்கு அடியில் டயல் கேஜ் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதை மட்டும் பார்த்தோம். பெரிய பிரஸ்ஸின் நன்மை அதன் ஃபிரேம் வளையாது என்பதுதான், அந்த விறைப்பு டயலில் தெரிந்தது.

பட்டை வெறும் தகடு மடித்த சேனல். அப்படியே அமுக்கினால் ஓரச்சுவர்கள் வெளியே பிதுங்கிவிடும். உள்ளே சரியாக உட்காரும்படி ஒரு இரும்புக் கட்டையை வெட்டிச் சொருகிய பிறகே பிரஸ்ஸின் அமுக்கும் தண்டான ராமை இறக்கினார்கள். 6 மி.மீ. அமுக்கிவிட்டால், ராமைத் தூக்கியதும் பட்டை கொஞ்சமாவது திரும்பி வரும். மைல்டு ஸ்டீலின் குணம் அது. கடைசியில் 8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே போய் விட்டபோதுதான் பட்டை நேராக நின்றது. ஒரே அமுக்கில் அங்கே போகக் கூடாது. தாண்டிவிட்டால் திருப்பி வளைக்க வேண்டும், முன்னும் பின்னும் வளைத்த உலோகம் அதே இடத்தில் களைத்துவிடும்.

சூடு காட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் 650 டிகிரி செல்சியஸ் மேல் எல்லை, அதாவது இருட்டில் மங்கலான சிவப்பு தெரியும் அளவு. அதற்கு மேல் போய், உடனே தண்ணீர் ஊற்றுவது பட்டையைக் கொல்லும் வேலை. நீலம் பாய்ந்த சூட்டில், கிட்டத்தட்ட 300 டிகிரியில், அடித்து வளைப்பதும் தவறு. அந்த வெப்பத்தில் ஸ்டீல் நொறுங்கும் தன்மைக்குப் போகும். எங்கள் பட்டைக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. முழுக்கக் குளிரிலேயே நிமிர்ந்தது.

நிமிர்த்திய பிறகு டை பெனட்ரன்ட் அடித்தோம். சிவப்புத் திரவம் தெளித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், முடி அளவு விரிசலும் சிவப்பாகத் தெரியும். இந்தச் சோதனையை நிமிர்த்திய பிறகு கட்டாயம் செய்ய வேண்டும். புதிய விரிசல் பிறப்பது பிரஸ்ஸில்தான். முட்டை வடிவ ஓட்டைக்கு வெல்டு நிரப்பி மறுபடி ஓட்டை போட்டார்கள். விரிசல் வளைவில் ஓடியிருந்தாலோ, ஏற்கெனவே யாராவது டார்ச்சால் சுட்ட தடம் இருந்தாலோ, நான் இந்தப் பட்டையைக் காப்பாற்ற முயன்றிருக்க மாட்டேன்.

புதிதாக ஒன்று செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் பாதங்கள் ஒரே தளத்தில் உட்காராவிட்டாலோ, ஓட்டைகளின் இடம் மாறினாலோ மீண்டும் அதே தலைவலிதான். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியின்படி, 50 வயது கடந்த வண்டிக்கு ‘விஏ’ வரிசை எண் வாங்கலாம். சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்ட சேனலை வெட்டிச் சேஸில் வெல்டு வைத்த வண்டிக்கு அந்த வாய்ப்பு சிக்கலாகும்.

அங்குல போல்ட்டுகளும் ரப்பரும் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைத்தன. கர்நாடக எல்லையை ஒட்டி இருப்பதன் வசதி இது. மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் முடுக்கி, ஜாக்கியை இறக்கி, பாரம் முழுவதையும் ரப்பரில் உட்கார வைத்து, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே இறுக்கினோம். முதலிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே சிறைப்படும். இழுகம்பிக்குப் பதிலாக ஒரு கம்பியும் செய்து போட்டோம், இறுக்கமாக அல்ல, தளர்வு மட்டும் போகும் அளவுக்கு.

தேன்கனிக்கோட்டை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் குலுக்கல் முற்றிலும் நின்றுவிட்டது. முதல் கியரில் நின்ற இடத்திலிருந்து மேட்டில் எடுக்கும்போது வண்டி ஒரே சீராக நகர்கிறது. ‘டக்’ சத்தமும் இல்லை. இரண்டாம் கியர் மட்டும் இறக்கத்தில் இன்னும் கழல்கிறது. அது கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்த பாகத்தின் வேலை, பெட்டியைத் திறந்தால்தான் தீரும். புது ரப்பர் அமர்ந்து கொடுத்ததும் போல்ட்டுகள் சிறிது தளரும். அடுத்த ஆயில் மாற்றும்போது ஸ்பேனரை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.