ஆங்கில ஒருபொருட் பன்மொழியும் பயில்வோரும்

1852இல் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியம் ஆங்கிலச் சொற்களைக் கருத்துவகையாற் தொகுத்தது. அவற்றிடையுள்ள நுண்வேறுபாட்டை ஆராய்தல் தம் பணியன்றென ஆசிரியரே முன்னுரையில் விலக்கினார். பயில்வோர் பலர் இதனை உணராது, ஓரிடத்து அடுக்கப்பெற்ற சொற்களை ஒத்த பொருளனவாகவே கொள்வர்.

‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலச் சொல்; ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழியது; ‘இன்டராகேட்’ இலத்தீன் வழியது. மூன்றும் வினவுதலைக் குறிப்பினும், மாணாக்கன் ஆசிரியரிடம் ஐயம் வினவுதற்கு முதற்சொல்லே ஏற்கும். இறுதிச்சொல் குற்றவாளியெனக் கருதப்பெற்றாரை விசாரித்தற்கு உரியது. அதனை ஆசிரியர்மாட்டு வழங்கின் இலக்கணம் வழுவாது, பண்பு வழுவும்.

எனவே, வேறுபாடு விளக்க முற்பட்ட கிராப் என்பாரின் 1816ஆம் ஆண்டு நூலும் அவ்வழி வந்தனவுமே முதற்கண் நாடத்தக்கன என்போம். களஞ்சியம் அறிந்த சொல்லை நினைவூட்டும், அறியாததைக் கற்பியாது.