சீந்தில் சர்க்கரையின் கசப்பு

சீந்தில் கொடியிலிருந்து எடுக்கும் மருந்து மாவான சீந்தில் சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தரம் சொல்ல வேண்டும். விரல் பருமனுக்கு முற்றிய கொடியை நறுக்கி, காகிதம்போல் உரியும் மேல்தோலை நீக்கி, இடித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைவார்கள். சக்கையைப் பிழிந்துவிட்டு, நீரைத் துணியில் வடிகட்டி அசையாமல் வைத்தால் அடியில் மாவு படியும். தெளிந்த நீரை இறுத்துப் புதுநீர் ஊற்றி, மறுபடி தெளியவிட்டு, வெயிலில் உலர்த்துவார்கள். கூடைக் கொடிக்குக் கையளவுதான் தேறும். அலசுவதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் தெரியும். கசப்புச் சத்துகள் நீரில் கரைபவை. அலச அலச மாவு வெளுக்கும், கசப்பும் போய்விடும். பெரும்பகுதி வெறும் மாவுச்சத்துதானே என்று கேட்கலாம். உண்மைதான். அதனாலேயே எஞ்சும் கசப்பு முக்கியமாகிறது. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் சித்த மருத்துவர்கள் தரும் இதில் பளிச்சென்ற வெள்ளையைக் கண்டால் எனக்குச் சந்தேகமே வரும். வேறு மாவைக் கலந்தாலும் அப்படித்தான் வெளுக்கும்.

சீந்தில் கல்லீரலைக் கெடுக்கும் என்ற ஆட்சேபம், வெறும் மாவு என்பதைவிடக் கனமானது. கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். டினோஸ்போரா கிரிஸ்பா என்ற உறவுக்கொடி மாறிப் போயிருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். அந்தக் கொடியின் தண்டு முழுக்கப் பருப்பருவாகக் கரடு தட்டியிருக்கும். தடவிப் பார்த்தவர் ஏமாறமாட்டார். ஆனாலும் ஆள்மாறாட்டத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் சிலரிடம் தன்னெதிர்ப்பு நோயின் சாயல் தெரிந்தது. அத்தகைய நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் குடிக்கக் கூடாது.

கொடியை அடையாளம் காணும் கண்ணும் கையும் அது வளரும் இடத்தில்தான் பழகும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் சீந்தில் படரும் உயிர்வேலி இருந்த நிலங்களில் சிப்காட் தொழிற்பேட்டைச் சுற்றுச்சுவர்கள் எழுந்துவிட்டன. தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. சீந்திலுக்குத் தனி நிலமே தேவையில்லை. மழை தொடங்கும்போது கணுவுள்ள தண்டுத் துண்டை வேம்பின் அடியில் ஊன்றினால் போதும், நூல்போல விழுதுகள் தொங்கவிட்டபடி ஏறிவிடும். வேம்பில் படர்ந்ததற்கே மருத்துவர்கள் மதிப்பு அதிகம் தருவார்கள். ஆலைகள் சட்டப்படி வளர்க்கும் பசுமை வளையத்தின் வேம்புகளில் இதை ஏற்றலாம்; கொடியை அடையாளம் கேட்டுக்கொள்ளத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அருகிலேயே இருக்கிறது. ஆலைக் கழிவுநீர் பாயும் மண்ணில் மட்டும் மருந்துக்கொடி வைக்கக் கூடாது.