மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

சென்னைக்கு மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்போது இதைத்தான் கேட்கிறேன். எல்லோரும் யோசிக்காமல் மதுரை என்கிறார்கள். வான்வழியில் மதுரை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ 355தான்!

நம்பாதவர்கள் அட்லஸை விரிக்கலாம். மீனம்பாக்கம் 13 பாகை வடக்கு, பலாலி 9.8. இரண்டுமே 80 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டியவை. அதாவது, நூல் பிடித்தாற்போல நேர் தெற்கு. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று 3.2 பாகையைப் பெருக்கினால் 355 வந்து நிற்கிறது!

முன்பு நான் யாழ்ப்பாணத்துக்குப் போனது கொழும்பு வழியாக. வானில் 640 கிலோமீட்டர் தெற்கே போய், பஸ்ஸில் 400 கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். போக வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பும் அந்தப் பயணம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். இந்த முறை நேராக பலாலிக்கு ஏடிஆர் 72 விமானம். ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவுதான்!

மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு முக்கால் மணி போதாதா என்று தோன்றும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், வேகத்தைக் குறைத்து இறங்குவதும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. எடுக்கட்டுமே! இந்த விமானத்தின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. கீழே எதுவும் மறைக்காது. போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். சோழமண்டலக் கரை நுரைக்கோடாகக் கூடவே வருகிறது. கோடியக்கரையின் முனை தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து பலாலிக்கு 60 கிலோமீட்டர் கடல்தான். அந்த நீலத்தைப் பார்த்து முடிப்பதற்குள் பனைகளும் செம்மண் தோட்டங்களும் எழுந்து வந்துவிட்டன.

இந்த வான்வழி நம் தாத்தா காலத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இதே பலாலியைத்தான். பிறகு வந்த இலங்கை உள்நாட்டுப் போர் இந்த வழியை அடைத்தது. 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாக பலாலி திறந்தபோது சென்னை விமானம்தான் முதலில் வந்திறங்கியது. இதை நினைத்தபோது என் கண் கலங்கியது.

வெளியே வந்ததும் ஓட்டோக்காரத் தம்பி பையை வாங்கிக்கொண்டு, "வாங்கோ அக்கா, களைச்சுப் போனியளோ?" என்றார்.

"களைக்க எங்கே தம்பி நேரம் இருந்தது!" என்றேன்.

மதியச் சாப்பாட்டைச் சென்னையில் முடித்த நான், அன்று பின்நேரம் பால் சேர்க்காத பிளேன்ரீயை யாழ்ப்பாணத்து நல்லூரில் குடித்தேன்.