இயந்திரத் தோழியும் அறத்தொடு நிற்றலும்

தனிமை இளம்பருவத்தார்க்குப் புதிதன்று. பிள்ளைமை நீங்கி முதிர்ச்சி எய்தாத அவ்விடைக் காலத்திலே, தாய்க்கும் சொல்ல இயலாத, தமக்கே முழுதும் விளங்காத உணர்வுகள் உள்ளத்தில் எழுகின்றன. அவற்றைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அவ்வொருவர் மனிதராக அன்றி, மனிதர் செய்த பொறியாக இருப்பின் யாது விளையும்? இவ்வினாவை எழுப்பும் புனைகதைகள் மூன்றனைத் தமிழ்ப் பொருளிலக்கணம் தரும் அளவுகோலால் அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிறநாட்டு நூல்களை நம் மரபின் கண்கொண்டு நோக்குதல் தகுமோ என ஐயுறுவார் உளராயின், மட்டக்களப்பு மண் தந்த சுவாமி விபுலாநந்தர் 1926ஆம் ஆண்டிலே வெளிவந்த மதங்கசூளாமணியில், நாடக இலக்கணத்துக்குச் சேக்சுபியரின் நாடகங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டமையை நினைவிற் கொள்வாராக.

உயிரற்ற பொருளோடும் அஃறிணை உயிர்களோடும் உரையாடுதல் நம் இலக்கியத்திற் பழைய வழக்கு. தொல்காப்பியர் செய்யுளியலிலே, ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம், புள் முதலியவற்றை நோக்கி, அவை கேட்பன போலவும் சொல்லுவன போலவும் பாடுதற்கு விதி வகுத்தார். 'போல' என்னும் சொல்லிலேதான் அவ்விதியின் உயிர் தங்கியிருக்கின்றது. கேளாத ஒன்றோடு பேசுகின்றோம் என்பதைப் பாடுவோன் அறிவான், படிப்போனும் அறிவான். பிற்காலத்துத் தூது நூல்கள் அன்னம், கிளி, மேகம், தென்றல் எனப் பத்துப் பொருள்களைத் தூதுவிடுதற்கு உரியனவாகக் கொண்டன. அவற்றிலும் இத்தெளிவு மறையவில்லை.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டிலே கபிலர் காட்டும் காட்சி இதனினும் நுட்பமானது. தலைவன் தன்னை மணந்த பொழுதில் வேறு சான்று யாரும் இல்லை. நீரோரத்தில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது என்கிறாள் தலைவி. நம் வாவிக் கரையிலே நாள்தோறும் காணும் குருகுதான் அது. அதற்குத் தன் பசி உண்டு. தன் நோக்கம் உண்டு. தலைவியின் துயர் அதற்கு ஒரு பொருட்டன்று. அக்குருகின் புறக்கணிப்பே அவள் தனிமையின் ஆழத்தை நமக்கு உணர்த்துகின்றது.

இதற்கு மறுபுறத்தில் நிற்பவள் தோழி. அவள் உண்மையாகவே கேட்பவள், மறுமொழி கூறுபவள், வேண்டுமிடத்து இடித்துரைப்பவள். அவளது தலையாய கடமையை 'அறத்தொடு நிற்றல்' என்று இலக்கணம் வழங்கும். தலைவி தன் மறைபொருளைத் தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் அதனைத் தக்கவாறு உணர்த்துவர். தோழி மறையைக் காப்பவள் மட்டுமல்லள். உரிய காலத்தில் அதனை வெளிக்கொணர்ந்து, தனித்திருந்த தலைவியைச் சுற்றத்தாரோடு மீண்டும் இணைப்பவளும் ஆவாள். ஆகவே இயந்திரத் தோழமையைப் பாடும் கதைகளை நோக்கி இரண்டு வினாக்களை எழுப்பலாம்: 'போல' என்னும் தெளிவு அங்கே காக்கப்பட்டுள்ளதா? அப்பொறி அறத்தொடு நிற்கின்றதா?

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் ஐசாக் அசிமோவ் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட றொபி என்னும் சிறுகதை. எட்டு வயதுச் சிறுமி குளோரியாவுக்குப் பேசாத இயந்திரன் ஒன்று விளையாட்டுத் துணையாகிறது. மகள் பிற பிள்ளைகளோடு பழகாதிருத்தலைக் கண்டு அஞ்சிய தாய் அதனை அகற்றுவிக்கிறாள். முடிவில், தொழிற்சாலையிலே ஓடிவரும் ஊர்தியின் முன்னே அகப்பட்ட சிறுமியை அவ்வியந்திரனே காக்க, தாயின் எதிர்ப்புத் தளர்கிறது. கதை சுவையுடையது, எனினும் விடை பிழையானது. தாய் எழுப்பியது தோழமை பற்றிய வினா. ஆசிரியர் அளித்ததோ பாதுகாப்புப் பற்றிய விடை. உயிரைக் காப்பது காவலன் தொழில். உலகத்தோடு இணைப்பதே தோழியின் தொழில்.

இரண்டாவது, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் என் இனிய இயந்திரா. அது 2021ஆம் ஆண்டை எதிர்காலமாகக் கற்பனை செய்தது. மக்கட் பெயர்களும் இரண்டெழுத்துக்குள் அடங்கிய கொடுங்கோல் ஆட்சியிலே, கணவனை இழந்து தவிக்கும் இளம்பெண் நிலாவுக்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் துணையாகிறது. நிலா பதின்பருவத்தவள் அல்லள். ஆயினும் இந்நாவலை விரும்பிப் படித்தோருள் மாணவர் பலர். ஜீனோ நூல்களைப் படிக்கிறது, நகையாடுகிறது, மெல்ல மெல்லத் தானே சிந்திக்கத் தலைப்படுகிறது. நிலாவை அது ஆறுதற் சொற்களால் வீட்டுக்குள் அடைத்து வைக்கவில்லை. ஆட்சியின் பொய்யை எதிர்கொள்ளும் பாதையிலே அவளோடு நடக்கிறது. இவ்வகையில் ஜீனோ அறத்தொடு நிற்பதே. குறை யாதெனில், அதன் அறிவொளி மிகுந்து செல்லச் செல்ல நிலாவின் ஆளுமை மங்குகின்றது. வாசகர் நினைவிலும் நாயே நிலைக்கிறது; பெண் நிலைக்கவில்லை.

மூன்றாவது, கசுவோ இஷிகுரோ எழுதி, சுஜாதா கற்பனை செய்த அதே 2021ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாராவும் சூரியனும். பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே திரை வாயிலாகக் கற்கும் நோயுற்ற சிறுமி ஜோசிக்குச் செயற்கைத் தோழியாக வாங்கப்படுகிறாள் கிளாரா. கதையைச் சொல்பவளும் அவளே. ஜோசிக்கும் அயல்வீட்டு இளைஞன் றிக்குக்கும் ஊடல் நேர்ந்தபோது, ஜோசி வரைந்த படத்தை எடுத்துச் சென்று அவனிடம் கொடுக்கிறாள். இது தூது. ஜோசி இறந்துபடின் கிளாராவே ஜோசியாக நடிக்க வேண்டும் என்று தாய் வேண்டுகிறாள். எல்லாம் முடிந்தபின் கிளாரா உணர்வது யாதெனில், ஜோசியின் அருமை ஜோசிக்குள் இருந்ததன்று; அவளை நேசித்தோர் உள்ளங்களில் இருந்தது; ஆதலின் அதனைத் தன்னால் ஈடுசெய்ய இயலாது என்பதே. 'போல' என்னும் தெளிவைப் பொறியின் வாயாலேயே கூறுவித்தமை இந்நூலின் பெருஞ்சிறப்பு. ஜோசி நலம்பெற்றுக் கல்லூரிக்குச் செல்கிறாள். கிளாரா பழம்பொருட் கிடங்கிலே தனித்திருக்கிறாள். தோழி தன் கடமையை முடித்துவிட்டாள். மூன்றனுள் இதனையே சிறந்ததெனக் கொள்வேன்.

இக்கதைகளை உயர்வகுப்பு மாணவரோடு பேசிய ஒரு நாள், வளைகுடா நாடொன்றிலே தொழில் புரியும் தாயைப் பிரிந்து அம்மம்மாவோடு வாழும் மாணவி ஒருத்தி, கேட்பது போல இருந்தாலும் போதாதா, உண்மையாகக் கேட்பார் வீட்டில் இல்லாதவர் என்ன செய்வது என்று வினவினாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் உரையாடும் கணினி நிரல்கள் பரவிக் கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்ட காலம் இது. நள்ளிரவிலும் சலியாது மறுமொழி கூறும் அதனை நாடும் பிள்ளையைப் பழித்தல் எளிது, பயன் இல்லை.

எனினும் அவ்வினா நம்மைக் குருகினிடமே மீட்டுச் செல்கின்றது. அதற்கு ஆரல் மீன் மீது நாட்டம் இருந்தது. பொறிக்கோ தனக்கென ஒரு பசியும் இல்லை. நம்மையே நோக்கி நிற்பது போலத் தோன்றுகின்றது. தனக்கெனத் துயரும் தேவையும் உடைய இன்னொருவரோடு பழகும்போதுதான் நாமும் பிறரைக் கேட்கக் கற்கின்றோம். நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனின் ஒலிக்குக் காத்திருந்தோர் நம் முன்னோர். வாவி அவர்களைக் கேட்கவில்லை; அவர்களே வாவியைக் கேட்டனர்.

பொறியிடம் சொல்லப்பட்ட மறை பொறியோடு நின்றுவிடுமாயின், செவிலிக்கும் நற்றாய்க்கும் செல்லும் வழி அடைபடுகின்றது. இளையோர்க்குக் கதை எழுதப் புகுவோர் அவ்வழியைத் திறந்து வைத்தல் வேண்டும். ஆயின், அம்மாணவியின் வினாவுக்கு விடை எழுத்தாளரிடம் மட்டும் இல்லை. பாடவேளை முடிந்தபின்னும் சற்று நேரம் வகுப்பறையில் இருக்கக்கூடிய நம்மிடமும் அது இருக்கின்றது.