தேசிய இசைநாடகமும் கல்முனைக் கரையும்

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தின இரவு, கொழும்பு காலிமுகத் திடலில் கிஷானி ஜயசிங்க என்னும் ஒப்பெராப் பாடகி, சிங்கள மக்கள் நன்கறிந்த ‘தன்னோ புதுங்கே’ பாடலை மேனாட்டு ஒப்பெரா முறையிற் பாடினார். அடுத்த நாட்களில் எழுந்த கூச்சல் சாமானியமானதன்று. தேசியப் பண்பாடு மாசுபட்டுவிட்டதென்று பலர் பொருமினர். தொலைக்காட்சி நிலையம் ஒன்று அவரை இழித்துரைத்துப் பின்னர் மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. அப்பாடலின் பிறப்பை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. ஜோன் த சில்வாவின் ‘சிறிசங்கபோ’ நாடகத்துக்காக 1903இல் அதற்கு மெட்டமைத்தவர் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட விசுவநாத் லவ்ஜி. பார்ஸி நாடகக் கம்பெனிகள் இந்நாட்டிற் பரப்பிய ஹிந்துஸ்தானி இசை மரபிலே விளைந்தது அது. அதே சுதந்திர தினத்திற்றான் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் தேசிய கீதம் அரச விழாவில் தமிழிலும் பாடப்பட்டது. அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. பாட்டொன்று தேசியத்துக்கு உரியதா, புறம்பானதா என்று தீர்ப்பளிப்பவர் யார் என்னும் வினாவை ஒரே நாளில் இருமுறை நாம் எதிர்நோக்கினோம்.

ஒப்பெரா என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆசிரிய நண்பர்கள் முகஞ் சுளிப்பது வழக்கம். பட்டும் வைரமும் அணிந்த சீமாட்டிகள் மாடத்தில் அமர்ந்து விசிறிக்கொள்ளும் காட்சியே அவர்கள் மனக்கண்முன் தோன்றுகிறது. ஐரோப்பிய அரசவைகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் வேல்ஸ் நாட்டின் தேசிய ஒப்பெராக் குழு 1946இல் கார்டிஃபில் முதன்முதல் மேடையேறியபோது, அதன் கூட்டுப் பாடகர்கள் பகலில் வேறு தொழில் பார்த்தவர்கள். சுரங்கத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். மாலையில் தேவாலயங்களிற் கூடிப் பாடும் பழக்கமே அவர்களுக்குக் குரல் கொடுத்தது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் பாக்கு நகரம். 1908 ஜனவரியில், எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த அந்த நகரத்தில் ‘லைலா மஜ்னூன்’ இசைநாடகம் அரங்கேறிற்று. முஸ்லிம் உலகின் முதல் ஒப்பெரா என்று போற்றப்படுவது அது. அதனை ஆக்கிய உஸேயிர் ஹாஜிபெயோவ் அப்பொழுது இருபத்திரண்டு வயதினர். கோரி நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கற்றுப் பள்ளியிற் படிப்பித்துக்கொண்டிருந்த வாத்தியார். ஃபுஸூலியின் காவியத்தை எடுத்துக்கொண்டார். திருமண வீடுகளிலும் தேநீர்ச் சாலைகளிலும் பாடப்பட்டு வந்த முகாம் என்னும் பண்வகையை அப்படியே தனிப்பாடகர் வாயில் விட்டுவிட்டு, கூட்டுப் பாடலுக்கும் ஆடலுக்கும் மட்டும் சுரமெழுதினார். லைலாவாக நடிக்கப் பெண்ணொருத்தி கிடைக்கவில்லை. தேநீர்ச் சாலையில் வேலைசெய்த இளைஞன் ஒருவனே முக்காடிட்டு நின்றான். நான்கு ஆண்டுகளின் பின், 1912இல், ஷவ்கத் மம்மதோவா என்ற பெண் அதே அரங்கிற் பாட வந்தபோது எழுந்த எதிர்ப்பினால் அவர் உயிருக்கஞ்சித் தப்பியோட வேண்டியிருந்தது. பழைமைவாதம் எங்கும் ஒரே குரலிற்றான் பேசுகிறது. ஆயினும் அந்நகரத்தார் நாடகத்தைக் கைவிடவில்லை. அது இன்றும் அங்கே ஆடப்படுகிறது.

இலங்கைக்கு வருவோம். 1956 நவம்பரில் சரச்சந்திரரின் ‘மனமே’ லயனல் வென்ட் அரங்கில் ஏறியது. சிங்களத் தேசிய நாடகம் பிறந்துவிட்டதென்று அறிஞர் கொண்டாடினர். கொண்டாட்டம் தகுதியானதே. ஆனால் அதற்கு அடிப்படையான ‘நாடகம’ என்ற ஆட்டமுறை தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்திலிருந்து கரையோரச் சிங்களவரிடம் சென்றது. நாடகம் என்ற தமிழ் வழக்கே அதன் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வாண்டு ஜூனிற்றான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று; நமது கரைக்குச் சற்றே மேற்கே கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். தமிழனின் ஆட்டத்தைத் தேசியமாக்கிய ஆண்டிலேயே தமிழன் தேசியத்துக்கு வெளியே தள்ளப்பட்டான். சரச்சந்திரர் இதற்குப் பொறுப்பாளியல்லர். அவருடைய அழகியல் வெற்றியைப் பேசும் விமர்சகர்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாமல் விட்டதே குறை.

‘மனமே’யின் தூண்டுதலால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்கு அழைத்துச் சென்றார். கலைக் கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊர்தோறும் சென்று அண்ணாவிமாரைத் தேடினார். விடியவிடிய வட்டக் களரியில் ஆடப்பட்டதை ஒன்றரை மணிநேர மேடை நாடகமாகச் சுருக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ தந்தார். படித்தவர்கள் நாட்டுக்கூத்து என்று இகழ்ந்ததைப் பல்கலைக்கழக மாணவரும் மாணவியரும் ஆடினர். தமிழுக்கு ஒரு தேசிய இசைநாடகம் உருவாகக் கூடுமென்ற நம்பிக்கையை முதலில் ஊட்டியது இம்முயற்சியே. அதனைக் குறைத்து மதிப்பிடுவோர் நன்றி கொன்றவர்.

எனினும் அது குழுவாக நிலைபெறவில்லை. மாணவர் பட்டம் பெற்றுப் பிரிந்தனர். மௌனகுரு போன்ற சிலரே மட்டக்களப்பில் அதனை வாழ்நாட் பணியாக்கிக்கொண்டனர். அண்ணாவியார் தம் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அவருக்குச் சம்பளமோ பதவியோ கிடையாது. கதைகளும் பாரதம், இராமாயணம் என்ற எல்லையைப் பெரிதும் தாண்டவில்லை. மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீளும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் இப்புத்தாக்கத்தில் வெறும் அயலூராகவே நின்றன. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் ‘மதங்க சூளாமணி’யையும் 1947இல் ‘யாழ் நூ’லையும் தந்தவர். அந்தக் காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே நடந்துபோகும் தூரந்தான். அத்தூரத்தைக் கலை கடக்காமற் போனதும், பின்னர் 1985இலும் 1990இலும் துப்பாக்கிகள் கடந்ததும் நம் வரலாறு.

முஸ்லிம்களிடம் கூத்து இல்லையே என்பர் சிலர். அலிபாதுஷா நாடகமும் அப்பாசு நாடகமும் தமிழில் அச்சேறி வழங்கியதை அவர்கள் மறந்துவிட்டனர். அதனை விடுவோம். இக்கரையில் இசைநாடகத்துக்குத் தேவையான எதுதான் இல்லை? மச்சானும் மச்சியும் வினாவும் விடையுமாய்ப் பாடும் கவி, பாதி நாடகமே. வட்டமாய் நின்று தாளம் ஏற ஏற அடிவைக்கும் பொல்லடி ஆட்டமன்றி வேறென்ன? அதனைப் பழக்குபவரையும் அண்ணாவியார் என்றே அழைக்கிறோம். சொல்லே உறவைக் காட்டிக்கொடுக்கிறது. பக்கீர்மாரின் றபான், வீடுகளில் ஓதப்பட்ட சீறாப்புராணம், சூடு மிதிக்கையில் களவெட்டியில் எழுந்த பொலிப்பாட்டு ஆகியவற்றையும் இங்கே சேர்க்க வேண்டும். போடியாரும் முல்லைக்காரரும் விளைச்சலைப் பங்கிடும் களவெட்டியைவிட வர்க்க முரண்பாட்டுக்குச் சிறந்த களரி எங்கே கிடைக்கும்?

ஆனால் களவெட்டி போய்விட்டது. அறுவடை இயந்திரம் வட்டைக்குள் இறங்கிய அன்றே பொலிப்பாட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று; கூலிக்காரிகள் கூடாத வயலிற் கவி எப்படிப் பிறக்கும்? எஸ். எச். எம். ஜெமீல் போன்றோர் சேகரித்திராவிட்டால் ஏட்டிலும் மிஞ்சியிராது. மறுபுறம், இசையே ஆகாதென்று பள்ளிவாசலில் முழங்குவோர் பெருகிவிட்டனர். தாய்மார் பாடிய தாலாட்டையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துள்ளது. இவர்களோடு விவாதிப்பது எளிதன்று. சமயக் கல்வியில்லாத முற்போக்காளன் வாய் திறந்தால் அதுவே அவர்களுக்கு வாதமாகிவிடும். பாக்குவின் அனுபவத்தையும் சீறாவை ஓதிய தம் பாட்டன்மாரையும் சொல்லக்கூடிய ஊர் ஆலிம்களே இதனைப் பேச வேண்டும். அத்தகையோர் இருக்கிறார்கள், மெல்லப் பேசுகிறார்கள்.

அரச விழாக்காரர் செய்யும் கேடு வேறு வகையானது. அமைச்சர் வரும்போது ஐந்து நிமிடப் பொல்லடி. முதியவர்கள் வெயிலில் நின்று அடித்துக்காட்டிவிட்டுச் சோற்றுப் பொதியோடு வீடு திரும்புவர். ‘பல்லின கலாசாரம்’ என்று அறிவிப்பாளர் கூறுவார். ஒரு மக்களின் கலையை ஐந்து நிமிட அலங்காரமாக்கும் இம்முறையைவிட அதனை வெளிப்படையாகத் தடைசெய்வதே நேர்மையானது. கொழும்பில் 2011இல் தாமரைத் தடாக அரங்கு எழுந்தது; அத்தகைய பளிங்குக் கட்டடம் நமக்கு வேண்டியதில்லை. அண்ணாவிமார் இருவருக்கு மாதச் சம்பளம், ஒத்திகைக்கு மாலையில் ஒரு பாடசாலை மண்டபம், ஊரூராய்ச் செல்ல ஒரு லொறி இருந்தாற் குழு தொடங்கலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் கவிகளை மெட்டோடு பதிவு செய்யட்டும். மருதமுனை நெசவாளரும் கல்முனைக்குடி மீனவரும் நிந்தவூர் ஆசிரியரும் காரைதீவு இளைஞரும் கூட்டுப் பாடகராகட்டும். பெண் வேடத்தை யார் ஏற்பது என்ற கேள்வி முதல் ஒத்திகையிலேயே எழும். பாக்குவில் தேநீர்ச் சாலை இளைஞன் ஏற்றான். இங்கே கவிகளை ஆக்கிப் பாடியவர்களிற் பெண்களே பலர். அவர்களுடைய பேத்திமார் திரைக்குப் பின்னிருந்தாவது பாடுவார்களா என்று அவர்களிடமே கேட்டுவிட்டுத்தான் நாடகத்தை எழுதத் தொடங்க வேண்டும்.