தோமா கட்டிய அரண்மனையும் குருவரசன் யோவானின் அரண்மனையும்

இடைக்கால ஐரோப்பியத் திருச்சபை கண்ட கனவுகளுள் நெடுநாள் நீடித்தது, ‘பிரஸ்டர் ஜான்’ எனப்பட்ட குருவரசன் யோவானின் இராச்சியமாகும். கீழ்த்திசைக் கிறிஸ்தவ மன்னன் ஒருவன் பாரசீகரை முறியடித்தான் என்று சிரியாவிலிருந்து வந்த ஜபலாப் பேராயர் ஹியூ 1145-இல் கூறியதை, பிரைசிங் பேராயர் ஓட்டோ தம் வரலாற்று நூலில் பதிந்துவைத்தார். 1141-இல் சுல்தான் சஞ்சாரை வென்ற கரா கித்தாயரே இச்செய்திக்கு மூலம் என்பர் வரலாற்றாசிரியர். அவர்தம் தலைவனோ கிறிஸ்தவன் அல்லன்.

ஏறத்தாழ 1165-இல், பைசாந்தியப் பேரரசர் மானுவேலுக்கு இம்மன்னனே எழுதியதாக ஒரு இலத்தீன் மடல் பரவிற்று. எழுதியவர் யாரென அறியோம். ஆயினும் அவர் கைதேர்ந்த எழுத்தாளர் என்பதில் ஐயமில்லை. எழுபத்திரண்டு அரசர் திறை செலுத்தும் மன்னன், தாழ்மையின் பொருட்டுத் தன்னைக் குருவென்றே அழைத்துக்கொள்கிறான். அவனது நாட்டில் ஏழையில்லை, கள்வனில்லை, பொய்யனில்லை. பேரரசரும் போப்பும் அதிகாரத்திற்காகப் போராடிய அந்நாளில், இச்சித்திரம் இருவரையும் இடித்துரைத்தது எனல் மிகையன்று. இது மடலின் சிறப்பு.

அதன் குறையோ அரண்மனை வருணனையில் வெளிப்படுகிறது. தன் அரண்மனை, திருத்தூதர் தோமா மன்னன் கொண்டபோரசுக்கு வகுத்த அரண்மனையை ஒத்தது என்கிறான் யோவான். பொன்னும் மணியும் அதில் ஒளிர்கின்றன. ஆனால் மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த ‘தோமாவின் நடபடிகள்’ கூறுவது யாது? மன்னன் தந்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அரண்மனை பரலோகத்தில் எழும்பியது. அக்கதையின் உயிர்நாடி இதுவே. மடலாசிரியர் தோமாவின் பெயரைக் காத்து, ஏழைகளை நீக்கிவிட்டார். ஏழையே இல்லாத நாட்டில் தோமாவின் அரண்மனைக்கு அடித்தளம் ஏது?

இப்பிழை ஏட்டோடு நின்றுவிடவில்லை. சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பா கீழ்த்திசையில் தேடியது சகோதரனையன்று, படைத்துணையையே. 1253 முதல் 1255 வரை மங்கோலியருடைய நாட்டிற்குச் சென்றுவந்த வில்லியம் ரூப்ரக், அங்கே உண்மையான கீழைக் கிறிஸ்தவரைக் கண்டார், கண்டு இகழ்ந்தார். 1498-இல் குருவரசனுக்குரிய மடலையும் ஏந்தி வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். கேரளத்தின் தோமாக் கிறிஸ்தவர்களோ செல்வமும் படையும் மிக்க கற்பனை மன்னனின் குடிகள் அல்லர். 1599-இல் உதயம்பேரூர் ஆலோசனைச் சங்கம் அவர்தம் சிரியாக்கு நூல்கள் பலவற்றைத் தவறுடையவை எனத் தீர்த்தது. பல நூல்கள் தீக்கிரையாயின.

கற்பனைச் சகோதரனுக்கு மடல் எழுதிய கை, கண்முன் நின்ற சகோதரனின் நூலைக் கொளுத்திற்று. இம்மடலை விந்தைக் கதையென்று நகைத்து ஒதுக்குவது எளிது. இறையாட்சியைக் குறித்து நாம் வரையும் சித்திரங்களில் ஏழைக்கு இடமுண்டா என வினவுவதே அதனை முறையாகப் படிப்பதாகும்.