ஜனவரிப் புத்தகமும் அழைப்பிதழ்ப் புத்தகமும்

தமிழ்நாட்டில் நவம்பர் பிறந்துவிட்டால் முகநூலில் நாவல்களின் அட்டைப்படங்கள் வரத் தொடங்கிவிடும். யாருடைய நாவல், எத்தனை பக்கம், எந்தப் பதிப்பகம், முன்பதிவு செய்தால் எவ்வளவு கழிவு என்ற விவரமெல்லாம் படத்துக்குக் கீழேயே இருக்கும். டிசம்பர் முடிவதற்குள் தீவிர வாசகர்கள் தங்கள் பட்டியலைப் போட்டுவிடுவார்கள். இலங்கையில் ஒரு புதிய தமிழ் நாவல் வரப்போகிறது என்பது பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வந்துசேரும் அழைப்பிதழால்தான் தெரியவருகிறது. அதில் தலைமை தாங்குபவர், வாழ்த்துரை வழங்குபவர்கள், முதற்பிரதி பெறுபவர் ஆகியோரின் படங்கள் பளிச்சென்று இருக்கும். நூலின் அட்டை ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். பக்கமும் விலையும் அநேகமாக இருக்காது. விழா முடிந்த பிறகு நூலை எங்கே வாங்கலாம் என்பது நிச்சயமாக இருக்காது.

எழுதுவது ஒரே மொழியில்தான். ஆனால் எழுதியவரின் மேசையிலிருந்து வாசிப்பவரின் கைக்கு நாவல் போய்ச்சேரும் வழி இரண்டு கரையிலும் அடியோடு வேறு. என்ன எழுதப்படுகிறது, எவ்வளவு நீளமாக எழுதப்படுகிறது, எது நினைவில் நிற்கிறது என்பவற்றையும் அந்த வழிதான் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

சென்னையின் கதை பலருக்கும் தெரிந்தது. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம், அதாவது பபாசி, 1976இல் உருவானது. மறுவருடமே அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் முதல் புத்தகக் காட்சி நடந்தது. பல இடங்கள் மாறி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பொங்கலையொட்டி நடக்கிறது. எல்லா நூலுக்கும் பத்து வீதக் கழிவு உண்டு. பதிப்பகங்கள் ஓர் ஆண்டின் உழைப்பை அந்த இரண்டு வாரத்தில் கொண்டுவந்து கொட்டுகின்றன. சாகித்திய அகாதெமி விருது பெரும்பாலும் டிசம்பரில் அறிவிக்கப்படுவது அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. 2023 டிசம்பரில் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ விருது பெற்றது. இரண்டு வாரத்தில் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டது. அதுவரை அந்த நாவலைக் கேள்விப்படாதவர்களும் அதைத் தேடி வரலாம், வந்தால் கிடைக்கும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் ஊறிப்போயிற்று என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. ஜனவரிக் காட்சி நடக்கவில்லை. 2016 ஜூனில் தீவுத்திடலில் நடத்தினார்கள். காட்சி தள்ளிப்போனதும் பதிப்புலகின் வருடமே தள்ளிப்போயிற்று. ஒரு மாதத்தை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து அது. இன்னொரு ஆபத்து ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. நூற்றுக்கணக்கான புனைவுகள் ஒரே வாரத்தில் வெளிவருகின்றன. அரங்கில் நின்றபடியே ஒருவர் வெளியிட ஒருவர் பெற்றுக்கொள்கிறார், படம் எடுக்கிறார்கள், அடுத்த நூலுக்கு நகர்கிறார்கள். பெப்ரவரியில் அந்த நாவலைப் பற்றி யாராவது பேசினால் அது எழுத்தாளரின் அதிர்ஷ்டம். காட்சியில் நாவலை வாங்கியவர்களில் எத்தனைபேர் அடுத்த காட்சிக்குள் அதை வாசித்து முடிக்கிறார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

இலங்கைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபமாகவோ, யாழ்ப்பாணத்தில் பொது நூலகக் கேட்போர்கூடமாகவோ, மட்டக்களப்பில் ஏதாவதொரு பாடசாலை மண்டபமாகவோ இருக்கலாம். மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, சில வேளை வரவேற்பு நடனம், ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை. அதற்குப் பிறகுதான் நூல் கட்டவிழ்க்கப்படும். முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர் அழைக்கப்பட ஒவ்வொருவராக மேடையேறி, கடித உறையைக் கொடுத்து நூலை வாங்கி, எழுத்தாளருடன் நின்று படமெடுத்துக்கொண்டு இறங்குவார்கள். கலியாண வீட்டு மொய் போலத்தான் இது. உறைக்குள் இருப்பது நூலின் விலையல்ல, உறவின் அளவு. சொந்தக்காரர், உடன் படிப்பித்தவர்கள், பழைய மாணவர், ஊர்ச் சங்கத்தார் என்று எல்லோருமாகச் சேர்ந்து அச்சகத்துக் கடனை அன்று மாலையே அடைத்துவிடுகிறார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வழக்கம் இல்லாவிட்டால் கடந்த நாற்பது ஆண்டில் இலங்கையில் வந்த தமிழ்ப் புனைவில் பெரும்பங்கு அச்சேறியே இராது. பெரும்பாலான நூல்களுக்குப் பணம் போடுவது எழுத்தாளர்தான். உள்பக்கத்தில் ‘வெளியீடு’ என்று போட்டிருக்கும் பெயர் பல வேளைகளில் அவருடைய பிள்ளையின் பெயராகவோ வீட்டின் பெயராகவோ இருக்கும். கொழும்பில் எண்ணற்ற விழாக்களில் முதற்பிரதி வாங்கியவர் புரவலர் ஹாசிம் உமர். அவருடைய புரவலர் புத்தகப் பூங்கா முதல் நூல் போடும் எழுத்தாளர்களுக்கென்றே நூல்களை அச்சிட்டுக் கொடுத்தது. ஒரு பதிப்புத் தொழில் செய்யவேண்டியதைத் தனிமனிதர் ஒருவரின் கை செய்திருக்கிறது.

இந்த விழாவில் சென்னையில் இல்லாத ஒரு நல்ல அம்சமும் உண்டு. அது ஆய்வுரை, சில அழைப்பிதழ்களில் நயப்புரை. ஒரு விரிவுரையாளரோ ஆசிரியரோ நூலைக் கிழமைக் கணக்காக வைத்து வாசித்து, குறிப்பெடுத்து, அரைமணி நேரம் பேசுவார். அந்த உரை பிறகு ‘ஞானம்’ அல்லது ‘ஜீவநதி’ இதழில் கட்டுரையாக வருவதும் உண்டு. சென்னைக் காட்சியில் இரண்டு நிமிடம் கிடைக்கும் ஒரு முதல் நாவலாசிரியருக்கு இது பொறாமை தரக்கூடிய வசதி. குறை என்னவென்றால் பேசுபவர் எழுத்தாளருக்கு முன்னால், அவருடைய தாய் தகப்பனுக்கு முன்னால் நின்று பேசுகிறார். குறைகளை ‘அடுத்த பதிப்பில் கவனிக்கலாம்’ என்ற ஒரு வரியில் கடந்துபோவதே பண்பாடு. அடுத்த பதிப்பு அநேகமாக வருவதில்லை.

வராததற்குக் காரணம் விழாவின் வெற்றியிலேயே இருக்கிறது. முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதி அச்சிட்டு, நூறு பிரதிக்குக் கிடைத்த உறைகளால் செலவு தீர்ந்துவிட்டால் மிச்சப் பிரதிகளை விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி எழுத்தாளருக்கு இல்லை. பூபாலசிங்கம் புத்தகசாலையில் சில பிரதிகள் வைப்பார், நூலகங்களுக்குச் சில கொடுப்பார், மற்றவை வீட்டு அறையில் இருக்கும். அரச சாகித்திய விருது அறிவிக்கப்பட்ட பிறகு அந்த நூலைத் தேடிப் பாருங்கள். பல வேளைகளில் எழுத்தாளரின் தொலைபேசி எண்ணைத்தான் தேடவேண்டிவரும்.

சிறிய நாடு, குறைந்த வாசகர், வேறென்ன செய்வது என்று கேட்கலாம். எண்ணிக்கை உண்மைதான். 2011, 2012 கணக்கெடுப்புகளின்படி தமிழ்நாட்டில் 7.2 கோடி மக்கள். இலங்கையின் மொத்த மக்கள் இரண்டு கோடிதான், அதில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ நாலிலொரு பங்கு. ஆனாலும் இதே சிறிய நாட்டில் சிங்கள நாவலுக்கு ஒரு பருவம் இருக்கிறது. 1999இல் தொடங்கிய கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும்போது, சிங்களப் பதிப்பகங்கள் சென்னையைப் போலவே அதற்கென்று நூல்களைத் தயாராக்குகின்றன. பாடசாலைப் பிள்ளைகள் பட்டியலோடு வருகிறார்கள்.

தமிழிலும் ஒரு காலம் அப்படி இருந்தது. 1970களின் முற்பகுதியில் சிறிமாவோ அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ எல்லாம் அப்படி வந்தவைதான். வன்னிக் கிராமமும் நெடுந்தீவுக் கடலும் மலையகத் தோட்டமும் பத்திரிகை விநியோக வண்டியில் ஏறி நாடெங்கும் போயின. விழா இல்லை, உறை இல்லை, கடையில் விலை கொடுத்து வாங்கினார்கள். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் தமிழ்நாட்டு இதழ்கள் மறுபடி வந்து குவிந்தன. அந்த முயற்சி மெலிந்தது. அதற்குப் பிறகு போர். கட்டுப்பாடு நல்லது என்று நான் வாதாடவில்லை. இலங்கையில் தமிழ் நாவலுக்கு விலை கொடுத்து வாங்கும் வாசகர் இருந்தார் என்பதைச் சொல்கிறேன்.

இன்று ஈழத்தின் பெரிய நாவல்கள் எங்கே வெளியாகின்றன? தேவகாந்தனின் ஐந்து பாக ‘கனவுச்சிறை’ 2014இல் ஒரே தொகுதியாகக் காலச்சுவடில் வந்தது. ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ அதே பதிப்பகம். சயந்தனின் ‘ஆறாவடு’, ‘ஆதிரை’ இரண்டும் தமிழினி. ஷோபாசக்தியின் ‘பாக்ஸ் கதைப் புத்தகம்’, ‘இச்சா’ கருப்புப் பிரதிகள். விழாவை நம்பி அச்சிடும் முறை மெல்லிய நூலுக்கே இடம் தருகிறது. அறுநூறு பக்கத்துக்கு அச்சகத்துக் கணக்கு எகிறும், உறையின் கனமோ கூடாது. உள்ளூரில் சிறுகதைத் தொகுதியும் கவிதைத் தொகுதியும் மலிந்து, தடித்த நாவல்கள் கடல் தாண்டிப் பிறப்பதில் இதற்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். போன பத்தாண்டில் நான் வாசித்த ஈழ நாவல்களில் ‘ஆதிரை’யை முதலில் சொல்வேன். மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்களைப் போரின் கதைக்குள் இவ்வளவு நிதானமாகக் கொண்டுவந்த நாவல் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. அந்த நிதானத்துக்குப் பக்கங்கள் வேண்டும். பக்கங்களுக்கு ஒரு பதிப்பகம் வேண்டும்.

கடல் தாண்டி நாவல் வெளியாவது புதிய பழக்கமும் அல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவலான சித்திலெவ்வையின் ‘அஸன்பேயுடைய கதை’ 1885இல் இலங்கையிலேயே அச்சானது. பத்து வருடம் கழித்து, திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ சென்னையில் வெளியானது. ஆங்கிலத்திலும் அதே வழிதான். 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல், வேறு பெயரில் 2020இல் இந்தியாவில்தான் முதலில் வந்தது.

சென்னையில் பிறக்கும் ஈழ நாவல் தன் ஊருக்குத் திரும்பி வரும்போது இறக்குமதிப் பண்டமாகிவிடுகிறது. 2021இல் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்கூட இல்லை. 2022 நடுப்பகுதியில் அது நாலரையைத் தொட்டது. ஆயிரத்து நூறு ரூபாய்க்கு வரவேண்டிய நானூறு ரூபாய் நாவல் ஆயிரத்து எண்ணூறுக்குப் போயிற்று, அதுவும் அனுப்பும் செலவும் கடைக்காரர் பங்கும் சேராமல். முல்லைத்தீவைப் பற்றிய நாவலை முல்லைத்தீவு ஆசிரியர் ஒருவர் வாங்க முடியாத நிலை இப்படி உண்டானது. அதே வருடம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன என்பதால் உள்ளூரில் அச்சிடுவதும் மலிவாக இருக்கவில்லை.

சென்னைப் பருவத்துக்குள் நுழையும் ஈழ நாவல் இன்னொரு விலையும் கொடுக்கிறது. அங்குள்ள வாசகர் ஈழமென்றால் போரை எதிர்பார்க்கிறார். போர் இருந்தால் நவம்பரிலேயே பேச்சு தொடங்கிவிடும். தெளிவத்தை ஜோசப் அறுபதுகளிலிருந்து எழுதிவந்தவர். தமிழ்நாட்டில் அவரைப் பரவலாகக் கவனிக்க 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைக்கவேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் குண்டு வெடிக்காத ஒரு வாழ்க்கையும் நாவலுக்குரியது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களின் பட்டியல்களில் இன்றும் நான் அரிதாகவே காண்கிறேன்.

விழாவைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஊரே கூடி ஒரு நாவலுக்குச் செலவழிப்பதை எந்தச் சந்தையாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் அது முதல் நாளாக இருக்கவேண்டும், கடைசி நாளாக அல்ல. ஆகவே விழா எடுக்கும் இலங்கை எழுத்தாளர்களிடம் சிறிய வேண்டுகோள்கள்: அழைப்பிதழில் பக்கத்தையும் விலையையும் போடுங்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் நூல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு வரி சேருங்கள். ஒரு பிரதியை, மின்வடிவத்துக்கான அனுமதியோடு, நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் அவர்கள் நூல்களை மின்வடிவாக்கும் வேலையைத்தான் செய்துவருகிறார்கள். ஈழத்தவரின் நூலைப் போடும் சென்னைப் பதிப்பகங்கள் இலங்கையில் ஒரு மலிவுப் பதிப்பு அச்சிட உள்ளூரில் யாருக்காவது உரிமை கொடுக்கலாம். இழக்க ஒன்றுமில்லை, இப்போதைய விலையில் அங்கே அதிகம் பிரதிகள் விற்பதில்லை. உறையோடு மேடையேறுபவர்களே, வீட்டுக்குப் போனதும் நூலைத் திறந்து முதல் அத்தியாயத்தையாவது வாசித்து, பிடித்திருந்தால் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் எழுத்தாளருக்கே சொல்லுங்கள்.